உங்கள் ஊர்ப் பாதைக்கு ஒத்துவரும் எம்டிபி (மலை) சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்களோடு ஓட்ட வருகிற புதியவர்களில் பாதிப் பேர் சைக்கிளை வாங்கிவிட்டுத்தான் பாதையைப் பார்க்கிறார்கள். மூன்றாவது வாரமே, “அண்ணா, இதை வித்துட்டு வேற வாங்கலாமா?” என்று கேள்வி வரும். பெரும்பாலும் அந்தச் சைக்கிளில் கோளாறு ஒன்றும் இருக்காது. தேர்ந்தெடுத்த வரிசைதான் கோளாறு.

சரியான வரிசை இது: முதலில் பாதை, அப்புறம் உடம்பு, அப்புறம் டயர், பிரேக், கியர். இவை முடிந்த பிறகே முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த கவை. கடையில் இது தலைகீழாக நடக்கும். ஃபோர்க்கை அமுக்கிப் பார்ப்பதில்தான் பேச்சே தொடங்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு நோட்டு, இஞ்ச் டேப், கெட்டி அட்டை போட்ட புத்தகம், ஏற்ற இறக்கம் காட்டும் செயலி உள்ள போன், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். பணம் தயாராக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகள்தான் இல்லை என்றால் ஒரு மாதம் பொறுங்கள்.

1. நீங்கள் உண்மையில் ஓட்டப்போகும் பாதைகளை எழுதுங்கள்

கனவுப் பாதையை எழுத வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை லீவு போட்டுப் போகும் ஊட்டிப் பயணத்துக்காக எம்டிபி வாங்கி, மீதி 51 வாரமும் அதைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு திரிபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து கிளம்பி மதியத்துக்குள் திரும்பக்கூடிய மூன்று அல்லது நான்கு பாதைகள் போதும்.

அதில் ஒரு வடிகட்டல் உண்டு. காப்புக்காடு என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. காபி, தேயிலைத் தோட்டப் பாதைகள் பெரும்பாலும் தனியார் நிலம். காவலரிடம் கேட்டுத்தான் போக வேண்டும். யானை நடமாட்டம் உள்ள இடம் என்றால் அதிகாலை ஓட்டம் கிடையாது. சட்டப்படியும் பயமில்லாமலும் அடிக்கடி போக முடியாத பாதையைப் பட்டியலில் வைத்தால், அதற்காக வாங்கும் சைக்கிள் வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருக்கும்.

2. ஒவ்வொரு பாதையையும் ஐந்து கேள்விகளால் அளந்துகொள்ளுங்கள்

நடந்து போங்கள், அல்லது யாருடைய பழைய சைக்கிளையாவது இரவல் வாங்கி ஓட்டுங்கள். பைக்கில் போய்ப் பார்த்தால் ஏற்றம் தெரியாது, அதனால் அது கணக்கில் சேராது.

வீட்டிலிருந்து மண் பாதை தொடங்கும் இடம் வரை எத்தனை கிலோமீட்டர் தார்? இதை எழுத எல்லோரும் மறப்பார்கள். 25 கிலோமீட்டர் ஓட்டத்தில் 16 கிலோமீட்டர் தார் என்றால், பெரிய முரட்டு டயர் உங்களுக்கு வேண்டாத சுமை.

மிகச் செங்குத்தான ஏற்றம் எவ்வளவு, அது எவ்வளவு தூரம் நீள்கிறது? 100 மீட்டர் போவதற்குள் 12 மீட்டர் ஏறினால் 12 சதவீதம். ஐம்பது மீட்டர் தூரத்துக்கு 12 சதவீதம் என்றால் இறங்கித் தள்ளிவிடலாம். இரண்டு கிலோமீட்டருக்கு அப்படியே இருந்தால் கியர்தான் உங்கள் முதல் கவலை.

தரை என்ன? செம்மண்ணும் சரளையும் ஒன்று, கரிசல் இன்னொன்று, பாறைப் படிகளும் மரவேர்களும் மூன்றாவது, மணல் நான்காவது. ஏரிக்கரை மேலே போகும் கட்டாந்தரைக்கு எந்தச் சைக்கிளும் போதும்.

முள் எவ்வளவு? நம் ஊரில் இது தனிக் கேள்வி. பாதை ஓரம் சீமைக்கருவேலம் வெட்டிப் போட்டிருக்கிறார்களா, காலடியில் நெருஞ்சி படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, இறக்கத்தில் மிகப் பெரிய படி எத்தனை அங்குலம்? டேப்பை வைத்தே அளந்துவிடுங்கள். கண் மதிப்பில் அரையடிப் படி முட்டி அளவு என்று தோன்றும். இந்த ஒரு எண் பின்னால் பெரிய செலவைத் தீர்மானிக்கப் போகிறது.

3. படியின் உயரத்தை ஃபிரேமின் தரத்தோடு பொருத்துங்கள்

மலை சைக்கிள் மாதிரித் தெரியும் எல்லாமே மலைக்காகச் செய்தவை இல்லை. கூடவே வரும் கையேட்டைப் புரட்டினால் ‘நடைபாதை, மண் சாலைக்கு மட்டும்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். விற்பவர் அதைப் படித்துக் காட்ட மாட்டார்.

பல நிறுவனங்கள் ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் தரவகையைக் கையேட்டிலோ ஃபிரேமில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ தருகின்றன. வகை 2 என்றால் மண் சாலை, 15 சென்டிமீட்டருக்குள் உள்ள இறக்கப் படிகள். வகை 3 என்றால் கரடுமுரடான ஒற்றையடிப் பாதை, 61 சென்டிமீட்டருக்குள் உள்ள படிகள். வகை 4 என்றால் 122 சென்டிமீட்டர் வரை. எண் ஏற ஏற ஃபிரேமின் பலமும் எடையும் விலையும் ஏறும்.

உங்கள் நோட்டில் இருக்கும் பெரிய படி ஒரு சாண் கூட இல்லையென்றால் வகை 3 தாராளமாகப் போதும். எங்கள் பக்கத்துப் பாதைகளில் வகை 4 தேவைப்படும் இடம் ஒன்றிரண்டுதான் இருக்கிறது. அங்கே நான் இறங்கி நடந்துவிடுவேன்.

4. உடம்பை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

வெறுங்காலுடன் சுவரோடு ஒட்டி நில்லுங்கள். புத்தகத்தைக் கால்களுக்கு இடையில், சீட்டில் உட்கார்ந்தது போல அழுத்தமாக மேலே ஏற்றிப் பிடித்து, அதன் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உங்கள் கால் உயரம்.

ஃபிரேமின் மேல் குழாயைக் கால்களுக்கு நடுவில் வைத்து நிற்கும்போது, குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது 5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். தார் ரோட்டில் இது பெரிதாகத் தெரியாது. சரளை ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி நின்று, அவசரமாகக் காலை ஊன்றும்போது எதற்காகச் சொன்னேன் என்று தெரியும்.

இரண்டு சைஸுக்கு நடுவில் விழுகிறீர்களா? வளைவும் மரமும் நிறைந்த பாதைக்குச் சின்னதை எடுங்கள், திருப்புவது எளிது. நீண்ட தோட்டப் பாதைகளே அதிகம் என்றால் பெரியது, வேகத்தில் ஆடாது.

வழக்கமான தவறு: பள்ளிப் பையனுக்கு ‘வளர்ந்த பிறகும் ஓட்டட்டும்’ என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. சட்டையை அப்படி வாங்கலாம். பெரிய ஃபிரேமில் பிரேக் லீவர் விரலுக்கு எட்டாது, கால் தரைக்கு எட்டாது. அந்தப் பையன் இரண்டு தடவை விழுவான், அப்புறம் சைக்கிளைத் தொடமாட்டான்.

5. சக்கர அளவும் டயரும்

29 அங்குலச் சக்கரம் கல்லிலும் குழியிலும் தட்டாமல் உருண்டு ஏறும். 27.5 சீக்கிரம் திரும்பும், குள்ளமானவர்களுக்கு வசதி. 26 இப்போது பெரும்பாலும் விலை குறைந்த மாடல்களிலும் பழைய சைக்கிள்களிலும்தான் வருகிறது. அந்த அளவில் நல்ல டயர் தேடி அலைய வேண்டியிருக்கும். ஐந்தரை அடிக்கு மேல் உயரம் என்றால் நான் யோசிக்காமல் 29 என்பேன்.

டயரில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தரையைத் தொடுவது இது ஒன்றுதான். தாரும் சரளையும் கலந்த ஓட்டத்துக்கு 2.1 முதல் 2.25 அங்குல அகலம், நடுவில் நெருக்கமான, உயரம் குறைந்த குமிழ்கள், ஓரத்தில் கொஞ்சம் பெரிய குமிழ்கள். பாறை, வேர் என்றால் 2.3 முதல் 2.4. வாங்கும் சைக்கிளில் எவ்வளவு அகலம் வரை நுழையும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் ஈரக் களிமண் அங்கே அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும்.

கரிசல் நிலத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மழை பெய்த மறுநாள் ஓட்டுவதற்கு ஏற்ற டயர் உலகத்தில் இல்லை. இரண்டு நாள் காயவிடுங்கள்.

மணலுக்கு 4 அங்குல ‘ஃபேட்’ டயர் என்று வருவது தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுக்கும் கடற்கரைக்கும் அர்த்தமுள்ளது. பார்க்க மிரட்டலாக இருக்கிறது என்று மலையடிவாரத்தில் இருப்பவர்கள் அதை வாங்கும்போதுதான் பாவமாக இருக்கும். ஏற்றத்தில் ஒவ்வொரு சுற்றிலும் அந்த எடையை நீங்கள்தான் உருட்ட வேண்டும்.

இனி முள். டியூப் போட்ட டயரில் நெருஞ்சி குத்தினால் பஞ்சர், நின்று ஒட்ட வேண்டும். டியூப்லெஸ் டயரில் உள்ளே ஊற்றும் திரவம் அந்த ஓட்டையைத் தானே அடைத்துவிடும். அதனால் பட்டியலில் முள் அதிகம் என்றால் ‘டியூப்லெஸ் ரெடி’ ரிம்மும் டயரும் உள்ள சைக்கிளைத் தேடுங்கள். நம் வெயிலில் அந்தத் திரவம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். மாதம் ஒருமுறைதான் ஓட்டுவேன் என்பவருக்கு டியூபும் பஞ்சர் கிட்டும் போதும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு காற்றில் இருக்கிறது. பஞ்சர் கடையில் கம்ப்ரசரை வைத்துக் கல் மாதிரி அடித்துக்கொண்டு வருவார்கள். டயர் ஓரத்தில் அச்சடித்த பெரிய எண் உச்சவரம்பு, அவ்வளவு அடிக்க வேண்டியதில்லை. 70 கிலோ எடை உள்ளவர் 2.25 டயரில் டியூபோடு 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) பக்கத்தில் தொடங்கி, ஒன்றிரண்டாகக் குறைத்துப் பார்க்கலாம். காற்று அதிகமானால் டயர் கல்லைத் தழுவாது, துள்ளும். ரொம்பக் குறைந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரட்டைப் பொத்தல் விழும். அப்புறம், வால்வு மெலிந்த பிரெஸ்டா வகையா என்று பாருங்கள். பஞ்சர் கடைக் குழாய் அதில் மாட்டாது. சின்ன அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்துக்கொள்ளுங்கள்.

6. பிரேக்: ஏறிய உயரத்துக்கு ஏற்றபடி

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70. ஏறும்போது கால் வலிக்கும், இறங்கும்போது வலிப்பது விரல். கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக்கில் பாதி வழியிலேயே முழங்கை வரை மரத்துப்போகும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கை ஒற்றை விரலால் பிடித்துக்கொண்டே இறங்கலாம், மற்ற விரல்கள் ஹேண்டில்பாரில் இருக்கும்.

உங்கள் பட்டியலில் ஒரே ஒரு நீண்ட இறக்கம் இருந்தாலும் ஹைட்ராலிக் எடுங்கள். நல்ல ஃபோர்க்கா, நல்ல பிரேக்கா என்று பட்ஜெட் கேட்டால் பிரேக்கைச் சொல்லுங்கள். சமவெளி ஏரிக்கரை ஓட்டம் மட்டும் என்றால் கேபிள் டிஸ்க் போதும். பழுதானால் எந்த ஊரிலும் சரிசெய்யலாம்.

80 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் முன்பக்கம் 180 மில்லிமீட்டர் டிஸ்க் தகடு இருப்பது நல்லது. தகடு பெரிதானால் பிடிமானமும் கூடும், சூடும் சீக்கிரம் ஆறும்.

கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த பிரேக்குக்கு மினரல் ஆயிலா, டாட் திரவமா? ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். இரண்டாவது, அதை மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றத் தெரிந்தவர் இந்தக் கடையில் இருக்கிறாரா? இல்லை என்றால் வருடத்துக்கு ஒருமுறை சைக்கிளைப் பெங்களூருக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டிவரும்.

எந்த லீவர் முன் பிரேக் என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். பழக்கம் இல்லாத கையால் சரளையில் முன் பிரேக்கை இறுக்கினால் ஹேண்டில்பாருக்கு மேலே போய்த்தான் விழுவீர்கள்.

7. கியர்: எண்ணிக்கையைப் பார்க்காமல் பற்களை எண்ணுங்கள்

‘21 கியர்’ என்று கேட்டதும் வாங்கிவிடுகிறார்கள். ஏற்றத்துக்கு வேண்டியது ஒரே ஒரு கியர்: எல்லாவற்றிலும் லேசானது. முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தின் பற்களை, பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் பற்களால் வகுத்துப் பாருங்கள்.

முன்னால் 28, பின்னால் 28 என்றால் விடை 1. 29 அங்குலச் சக்கரத்தில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் ஏறக்குறைய 2.3 மீட்டர் போகும். முன்னால் 32, பின்னால் 51 என்றால் 0.63, ஒரு சுற்றுக்கு 1.45 மீட்டர்தான். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது முதலாவதில் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும், இரண்டாவதில் ஐந்தே கால் போதும். 12 சதவீத ஏற்றத்தில் எட்டு கிலோமீட்டர் வேகம் நம்மைப் போன்ற அலுவலகக்காரர்களுக்கு ஆகிற காரியமா?

உங்கள் நோட்டில் நீண்ட ஏற்றம் 10 சதவீதத்தைத் தாண்டினால் விடை 0.7க்குக் கீழே வர வேண்டும். 6 சதவீதத்துக்குள் என்றால் 0.9 வரை சமாளிக்கலாம்.

முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ள அமைப்பு கரடுமுரடான பாதைக்கு நல்லது: செயின் நழுவாது, ஒரே கையால் மாற்றலாம். தார் தூரம் அதிகம் உள்ளவர்களுக்கு முன்னால் இரண்டு இருப்பது தப்பில்லை. கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுப்பு) தேய்ந்தால் மாற்றும் செலவை இரண்டுக்கும் கேட்டு ஒப்பிடுங்கள். 12 கியர் கேசட்டின் விலையைக் கேட்டு நான் ஒருமுறை கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பின்சக்கரத்தைக் கழற்றாமலே இன்னொன்றும் பார்க்கலாம். பின்னால் 7 கியர் என்றால் பெரும்பாலும் திருகி மாட்டும் ஃப்ரீவீல். அதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், படிகளில் இறங்க இறங்க அச்சு வளையும், சில சமயம் ஒடியும். 9 கியர், அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் கேசட். அதில் பேரிங் வெளிப்பக்கம் தாங்குகிறது. பாறைப் பாதைக்காரர்கள் கேசட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

8. பின் சஸ்பென்ஷன் வேண்டுமா?

என்னுடைய முதல் எம்டிபியில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் இருந்தது. விலையும் குறைவு. ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் அமுங்கி எழும், பாதி உழைப்பு அதிலேயே போகும். ஏழாவது மாதம் அதன் மூட்டு ஆட ஆரம்பித்தது. மாற்றுப் பொருள் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

நல்ல பின் சஸ்பென்ஷன் அருமையான விஷயம்தான், ஆனால் விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். நேரத்தில் பாதிக்கு மேல் பாறை இறக்கத்தில் கழிகிறது, பட்ஜெட்டும் இடம் தருகிறது என்றால் 120 முதல் 150 மில்லிமீட்டர் அசைவு உள்ளதை வாங்குங்கள். மற்றவர்களுக்குப் பின்னால் ஸ்பிரிங் இல்லாத ஹார்ட்டெயில். விலை குறைந்த இரட்டை சஸ்பென்ஷனுக்கும் அதே விலை ஹார்ட்டெயிலுக்கும் நடுவே யோசிக்கவே வேண்டாம்.

ஃபிரேம் உலோகத்தைப் பற்றி ஒரு வரி போதும்: அலுமினியம் எடுங்கள்.

9. இப்போது முன் ஃபோர்க்

ஹார்ட்டெயிலுக்கு 100 முதல் 120 மில்லிமீட்டர் அசைவு நம் பாதைகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். எவ்வளவு அசைகிறது என்பதைவிட எப்படி அசைகிறது என்பது முக்கியம்.

சோதிக்கும் முறை இது. ஃபோர்க்கின் மெல்லிய குழாயில் ஒரு ரப்பர் பேண்டைக் கட்டி, அடிவரை தள்ளிவிடுங்கள். துள்ளாமல் ஏறி உட்காருங்கள், மெதுவாக இறங்குங்கள். 100 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் ரப்பர் பேண்ட் 15 முதல் 25 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்குச் சரி. அசையவே இல்லையென்றால், உங்களைப் பொறுத்தவரை அது வெறும் இரும்புச் சுமை. 55 கிலோ உள்ளவர்கள் விலை குறைந்த காயில் ஸ்பிரிங் ஃபோர்க்கில் இதைத்தான் காண்பார்கள்.

காற்று நிரப்பும் ஏர் ஃபோர்க்கில் உங்கள் எடைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம், எடையும் குறைவு. அதற்குத் தனியாக ஒரு சின்ன பம்பு வாங்க வேண்டும். பஞ்சர் கடைக் காற்றைக் கொண்டு அதை நிரப்பக் கூடாது.

ஏர் ஃபோர்க் இப்போது கைக்கு எட்டவில்லை, பிறகு மாற்றலாம் என்று நினைத்தால் ஃபிரேமின் தலைக்குழாயைப் பாருங்கள். கீழே பருத்து மேலே சிறுத்த டேப்பர்ட் வகை என்றால் நாளை நல்ல ஃபோர்க் மாட்டலாம். மேலும் கீழும் ஒரே அளவு என்றால் பொருந்தும் நல்ல ஃபோர்க் கிடைப்பது கஷ்டம். அந்த ஃபிரேமில் மேற்கொண்டு செலவு செய்யும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

10. கடையில் ஓட்டிப் பார்ப்பது

கடை வாசலில் ஒரு வட்டம் அடிப்பது சோதனை ஆகாது. பக்கத்தில் மேடான தெரு எங்கே என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள். டயர் காற்றை மேலே சொன்ன அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள், சீட் உயரத்தைச் சரிசெய்யுங்கள்.

மேட்டில் உட்கார்ந்தபடி, மிதித்துக்கொண்டே கியரை மாற்றுங்கள். செயின் தயங்கினால் அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். இறக்கத்தில் ஒற்றை விரலால் நிறுத்திப் பாருங்கள். வேகத்தடையில் எழுந்து நின்று ஏறி இறங்குங்கள், எங்காவது லொடலொடப்பு கேட்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, எட்டு அடி அகலத்துக்குள் யூ திருப்பம் போடுங்கள். முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தால் அந்த சைஸ் உங்களுக்குச் சின்னது.

ஓட்டிப் பார்க்கவே விடமாட்டேன் என்கிற கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.

11. பணத்தைப் பிரித்து வைப்பது, முதல் நூறு கிலோமீட்டர்

கையில் இருப்பதை முழுவதும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒன்றரைப் பங்கை ஒதுக்கி வையுங்கள். ஹெல்மெட், கையுறை, கைப்பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல், இரண்டு டியூப், மடக்குச் சாவி செட், செயின் எண்ணெய் இவையெல்லாம் அதில் வரும். ஹெல்மெட் இல்லாமல் எங்கள் கூட்டத்தில் யாரையும் மண்ணில் இறங்க விடுவதில்லை.

முதல் 50, 100 கிலோமீட்டருக்குள் ஸ்போக்குகள் தளரும், கியர் கேபிள் கொஞ்சம் நீளும். பல் நழுவுகிறது என்று பதற வேண்டாம், கடைக்குக் கொண்டுபோய் இறுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் முதல் சர்வீஸ் இலவசம்தான். அதற்குப் போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். எந்த இடத்தில் வழுக்கியது, எந்த மேட்டில் இறங்கித் தள்ளினீர்கள் என்று அதில் எழுதியிருந்தால், மெக்கானிக்குக் காற்று, சீட் உயரம், லீவர் கோணம் மூன்றையும் அன்றைக்கே மாற்றித் தர முடியும். அந்த மூன்றையும் மாற்றி ஒரு மாதம் ஓட்டிய பிறகும் வழுக்கினால் டயரை மாற்றுங்கள்.